ஹாஸ்கெட்டுக்கு ஏறாத தண்ணீர்

1887 ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, மஸ்கிங்கம் ஆற்றின் ஸ்டில்வெல் லாக்கில், அதாவது படகுகளை அணைக்கு மேலே ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டியில், தண்ணீர் கேப்டன் லெமுவேல் ஹாஸ்கெட்டின் படகுக்கு மட்டும் ஏற மறுத்தது. அதற்குச் சற்று முன்பு வந்த இரண்டு படகுகளை அதே தண்ணீர் பதினோரு அடி தூக்கி, அணைக்கு மேலே இருந்த ஆற்றில் விட்டிருந்தது. ஹாஸ்கெட்டின் நீராவிப் படகு 'லிடியா', நாற்பது பன்றிகளோடும் மாவு மூட்டைகளோடும் லாக்கின் கல் தொட்டிக்குள் நுழைந்தது. கீழ்க்கதவைச் சாத்தி, மேல் மதகைத் திறந்தார்கள். அரை மணி நேரம் தண்ணீர் இரைந்து கொட்டியது. மட்டம் ஓர் அங்குலம்கூட ஏறவில்லை. கொட்டியது எங்கே போயிற்று என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. பன்றிகள் கத்துவதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்டார்கள்.

ஸ்டில்வெல்லில் எல்லாம் கையால்தான். கரையில் நெஞ்சுயரத்துக்கு ஒரு மரத்தூண், அதன் குறுக்கே ஒரு நீளக் கழி. கழியைத் தள்ளிக்கொண்டு வட்டமாக நடந்தால் தூணில் சங்கிலி சுற்றும். முதலில் மதகுப் பலகை உயரும், பிறகு கதவு திறக்கும். ஒரு முனையில் லாக் பார்ப்பவர், மறுமுனையில் படகுக்காரர்களில் ஒருவர். எழுதி வைக்காத இந்த வழக்கத்தை ஆறு முழுக்க மதித்தது, ஹாஸ்கெட் ஒருவரைத் தவிர. சுங்கம் கட்டுகிற மனிதன் கழி தள்ளுவதாவது என்பது அவர் கட்சி. அதனால் லிடியா வரும்போதெல்லாம் லாக் பார்த்த ஈனாக் பிளங்கெட் தனியாகத் தள்ளினான். போன நவம்பரில் கதவு பாதி திறந்திருக்கும்போதே படகின் மூக்கு அதில் இடித்தது. சங்கிலி வெடுக்கென்று இழுபட, கழி திரும்பிச் சுழன்று அவன் மார்பில் அடித்தது. மூன்றாம் நாள் செத்துப்போனான். அவன் கை காட்டியதால்தான் படகை விட்டதாக விசாரணையில் ஹாஸ்கெட் பைபிளின் மேல் கை வைத்துச் சொன்னார். மற்றபடி சொல்லச் சாட்சி இல்லை. ஈனாக்கின் மனைவி திர்சா வேலையை ஏற்றுக்கொண்டாள். வேலையோடு வந்த வீட்டில் அவளும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள்.

"இந்தாம்மா, என்ன சூனியம் வச்சிருக்க?" என்று ஹாஸ்கெட் படகிலிருந்து கத்தினார்.

"வைக்கத் தெரிஞ்சிருந்தா நவம்பர்லயே வச்சிருப்பேன்."

"தண்ணிய ஏத்துடி!"

"அவரு கை காட்டலன்னு சொல்லுய்யா. அப்புறம் பாப்போம்."

ஹாஸ்கெட் துப்பினார். கீழ்க்கதவும் அசையாததால் பின்வாங்கவும் வழியில்லை. லிடியா ஐந்து நாள் கிடந்தது. பின்னால் பதினேழு படகுகள் நின்றன. போதகர் வந்து தண்ணீரைப் பார்த்து ஜெபித்தார். தண்ணீர் இரண்டு அங்குலம் இறங்கியது. ஐந்தாம் நாள் லாக்குகளின் மேலதிகாரி குதிரையில் வந்து, இருட்டுவதற்குள் படகு வெளியே போகாவிட்டால் திர்சா வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார். மூத்தவள் சமையல் சட்டிகளை வைக்கோலில் சுற்ற ஆரம்பித்தாள்.

அன்று பிற்பகல் ஹாஸ்கெட் கரையேறினார். பன்றிகளின் நாற்றம்தான் அவரை ஏற்றியது, மனசாட்சி அல்ல. கோட்டைக் கழற்றிவிட்டுத் தனியாகக் கழியைத் தள்ளினார். திர்சா கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மூச்சு வாங்குவதைப் பார்க்க அவளுக்கு இனித்தது. தண்ணீர் அசையவில்லை. ஹாஸ்கெட் தன் ஆட்களில் மிகப் பலசாலியை மறுமுனைக்கு வரச் சொன்னார். அப்போதும் அசையவில்லை. சட்டிகள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. திர்சா போய், அந்த ஆளை விலகச் சொல்லிவிட்டு, புருஷனைக் கொன்றவனுக்கு எதிர்முனையில் நெஞ்சை வைத்துத் தள்ளினாள். முதல் சுற்றிலேயே தண்ணீர் அரை அடி ஏறியது.

அதற்குப் பிறகு அது அப்படித்தான். வாரம் இரண்டு முறை லிடியா வரும், ஹாஸ்கெட் இறங்குவார், இருவரும் இருபத்துமூன்று சுற்று நடப்பார்கள். ஒருவரையொருவர் பார்க்க மாட்டார்கள். திர்சா வேண்டுமென்றே வேகமாக நடப்பாள். அவர் வேண்டுமென்றே இருமுவார். ஒரு குளிர்காலத்தில் அவருக்குக் கால் முறிந்தபோது நாற்காலியோடு தூக்கி வந்து, கழியில் கை வைக்கச் செய்தார்கள். "செத்தாவது தொலையேன்யா" என்றாள். "உனக்கு முன்னாடியா?" என்றார். இரண்டு பெண்களுக்கும் கல்யாணமாயிற்று.

ஒன்பதாம் வருடம் அக்டோபரில், பதினேழாவது சுற்றில், ஹாஸ்கெட் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அவன் கை காட்டல. கதவு பாதிதான் திறந்திருந்துச்சு. பாத்துட்டேதான் விட்டேன்."

திர்சா நடையை நிறுத்தவில்லை. இந்த வார்த்தையைக் கேட்டால் அழுவோம், அல்லது அவர் மண்டையை உடைப்போம் என்று நினைத்திருந்தாள். இரண்டும் வரவில்லை. வெறுப்பும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"இன்னும் ஆறு சுத்து இருக்கு. தள்ளுய்யா" என்றாள்.

செய்தி பரவியது. இனி கணக்குத் தீர்ந்தது, தண்ணீர் தானாக வழிக்கு வரும் என்று ஊர் முடிவு கட்டியது. அடுத்த வெள்ளிக்கிழமை லிடியா வந்ததும் இரண்டு கூலியாட்கள் நம்பிக்கையோடு கழியைத் தள்ளினார்கள். மட்டம் அப்படியே நின்றது. திர்சா ஏப்ரனில் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, ஹாஸ்கெட் ஏற்கெனவே தன் முனையில் நின்றுகொண்டிருந்தார்.