ஜனெல் கொடுத்த மூன்று நிமிடம்

காலை ஐந்து பத்துக்கு எங்கள் முற்றத்தில் ஒரு கார் கிளம்பும். சரளைக்கல் நெரியும் சத்தம் சமையலறை ஜன்னலைத் தாண்டி, தானியக் களஞ்சியத்தைச் சுற்றி, சாலையில் ஏறி அடங்கும். ஆறு வருடமாகக் கேட்கிறேன். முற்றத்தில் காரே கிடையாது. என் பிக்கப் வண்டி கொட்டகைக்குள் இருக்கும். ஒரு தடவை என் மனைவி ஆர்டித்திடம் சொல்லிப் பார்த்தேன். காது டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜனெல் எங்கள் ஒரே மகள். அறுபத்து நான்கு மைல் தள்ளியிருந்த கல்லூரிக்கு நர்ஸ் படிக்க அந்த நேரத்தில்தான் கிளம்புவாள். நான் விழித்துத்தான் கிடப்பேன், எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். கோபம். அந்தப் படிப்பு அதே கல்லூரியின் எங்கள் ஊர்க் கிளைக்கே வந்திருக்க வேண்டியது. வரவிடாமல் செய்தவன் நான் என்று அவள் ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம்.

எங்கள் பக்கம், வட்டார மக்களின் வரியில் நடக்கும் சமுதாயக் கல்லூரிக்குப் புதுக் கட்டடம் வேண்டுமென்றால் சொத்துவரியில் கை வைப்பார்கள். ஊரில் வாக்கெடுப்பு நடக்கும். நூற்றுக்கு அறுபது பேர் சம்மதித்தால்தான் உண்டு. நானூறு ஏக்கர் வைத்திருப்பவனும் ஒரு ஓட்டு, ஓர் அறையில் வாடகைக்கு இருப்பவனும் ஒரு ஓட்டு. மக்காச்சோள விலை விழுந்த எந்த வருடமும் வரி விழுந்து நான் பார்த்ததில்லை. என் வாதத்தில் அன்றும் தப்பில்லை, இன்றும் தப்பில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எட்டு வருடத்துக்கு முன், ஊர்க் கிளையில் நர்ஸ் படிப்புக்குக் கட்டடம் கேட்டு, தீயணைப்பு நிலையத்தில் கூட்டம் போட்டார்கள். பேச நினைப்பவர்கள் வாசலிலேயே சீட்டில் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம். கூட்டச் செயலாளர் லொரெய்ன் முட்டை வேகவைக்கும் கடிகாரத்தை முறுக்கி மேசையில் வைப்பார். அது டிக் டிக்கென்று ஓடி மணியடித்தால் அரைவார்த்தையிலும் இறங்கிவிட வேண்டும். ஆனால் ஒரு வழக்கம் உண்டு. தன் மூன்று நிமிடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம்.

ஜனெலும் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். கட்டடம் வேண்டும் என்று பேசத்தான். பக்கத்து நாற்காலியில் அவள் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஊர் முழுக்க உட்கார்ந்திருக்க, அப்பனுக்கு எதிராக மகள் நிற்பதா? குனிந்து சொன்னேன்.

"உன் மூணு நிமிஷத்த எனக்குக் குடும்மா. சொல்ல வேண்டியது நிறைய இருக்கு."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "சரிப்பா" என்றாள். எழுந்து லொரெய்னிடமும் அதையே சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நான் ஆறு நிமிடம் பொளந்து கட்டினேன். கைதட்டல் அடங்க நேரமானது. வாக்கெடுப்பில் பத்தொன்பது ஓட்டுக் குறைந்து கட்டடம் இல்லாமல் போயிற்று.

அவள் படிப்பின் இரண்டாம் வருடம் பிப்ரவரியில், ஓடைப் பாலத்தில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி. அதில் அவள் கார் சறுக்கியது. எங்கள் வீட்டிலிருந்து அரை மைல்.

இந்த வசந்தத்தில் அதே கட்டடம் மறுபடி வாக்கெடுப்புக்கு வந்தது. டுவேன் தன் வண்டி நிறைய, வீட்டு வாசல்களில் நடுவதற்கான 'வேண்டாம்' பலகைகளோடு வந்து நின்றான். எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதன், அடுத்த பண்ணைக்காரன்.

"யோவ் வெர்லின், நீ பேசினாத்தான் எடுபடும். நான் பேசினா என் பொண்டாட்டியே கொட்டாவி விடுறா. என் மூணு நிமிஷத்தையும் நீயே வச்சுக்கோ."

"உன் பேத்தி என்ன படிக்கப் போறா?"

"பிரியெலா? நர்ஸுக்குத்தான். பெரிய கல்லூரிக்குப் போவா. கார் இருக்கு, ரோடு இருக்கு, போறதுக்கு என்ன..." என்றவன் நிறுத்திவிட்டான். கையிலிருந்த பலகையைப் பார்த்தான். "நான் அந்த அர்த்தத்துல சொல்லலப்பா" என்றான்.

"பலகைய வச்சிட்டுப் போ" என்றேன்.

கூட்டம் அதே தீயணைப்பு நிலையத்தில்தான். அதே மடக்கு நாற்காலிகள், அதே எலுமிச்சைக் கேக் துண்டுகள், அதே கடிகாரம். சட்டைப்பையில் என் பேச்சு இருந்தது. ஆர்டித் என் இடப்பக்கம் உட்கார்ந்தாள். வலப்பக்க நாற்காலி காலி. நிற்க இடமில்லாமல் ஆட்கள் சுவரோடு நின்றார்கள், ஆனாலும் அதில் யாரும் உட்காரவில்லை. அந்த நாற்காலி லேசாக ஆடுவது எனக்குத் தெரிந்தது. சிமெண்ட் தரை மேடுபள்ளம் என்று சொல்லிக்கொண்டேன்.

"வெர்லின் ஹௌக்ஸ்டாட்" என்று லொரெய்ன் கூப்பிட்டார்.

டுவேன் எழுந்தான். "என்னோட நேரத்தையும் அவருக்கே குடுத்துடுறேன்."

"அப்போ ஆறு நிமிஷம்" என்று கடிகாரத்தை முறுக்கினார்.

ஒலிபெருக்கி முன் நின்று காகிதத்தைப் பிரித்தேன். முதல் வரி ஏக்கருக்கு எவ்வளவு என்பது. அதை மறுபடி மடித்தேன். என்னிடம் இருப்பது ஆறு நிமிடமல்ல, ஒன்பது என்று பட்டது. அதில் மூன்றை எட்டு வருடமாகத் திருப்பித் தராமல் வைத்திருக்கிறேன்.

"லொரெய்ன், மூணா மாத்தி வைங்க. இது என் மக நேரம். போன தடவை நான் வாங்கிக்கிட்டேன். அவ என்ன சொல்ல இருந்தாள்னு எனக்குத் தெரியாது. அதனால நான் ஒண்ணும் பேசப் போறதில்ல."

லொரெய்ன் கடிகாரத்தைத் திருப்பினார். டிக் டிக் டிக். பின்வரிசையில் யாரோ இருமினார்கள், அப்புறம் அதுவும் இல்லை. மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒரு பெண் தன் மனசில் உள்ளதையெல்லாம் சொல்லிவிடலாம், சொன்ன பிறகும் நேரம் மிச்சம் இருக்கும். நான் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றேன். மணி அடித்தது. யாரும் கைதட்டவில்லை.

திரும்பும் வழியில் பாலம் தாண்டியதும் ஆர்டித்திடம் கேட்டேன்.

"அவ என்ன பேச இருந்தா?"

"எட்டு வருஷம் கழிச்சுக் கேக்குற."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது. எனக்கும் காட்டல. மஞ்சப் பேப்பர்ல எழுதி நாலா மடிச்சு வச்சிருந்தா. கார்ல, கண்ணாடிக்கு மேல இருக்கிற வெயில் மறைப்புல சொருகி இருந்துச்சு. கடைசி வரைக்கும் அங்கதான் இருந்துச்சு."

அந்தக் காரை நான் பார்க்கக்கூட மறுத்தேன். அப்படியே பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்கச் சொன்னவன் நான்.

வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தினேன். அவள் இறங்கவில்லை.

"எனக்கும் கேக்கும் வெர்லின். அஞ்சு பத்துக்கு."

"பின்ன ஏன் காது டாக்டர்ட்ட போகச் சொன்ன?"

"கேக்குதுன்னு சொல்லி, அப்பவும் நீ எழுந்திரிக்கலேன்னா? அவ உயிரோட இருந்தப்பவே நீ எழுந்திரிக்கல."

வெட்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

நான் 'வேண்டும்' என்று குத்தினேன், வரியை நினைத்து வயிற்றெரிச்சலோடுதான். நூற்றுக்கு ஐம்பத்தெட்டு விழுந்தது. அறுபது வேண்டும். கட்டடம் மறுபடியும் இல்லை. என் மௌனத்தில் யார் மனசும் மாறிவிடவில்லை. எட்டு வருடத்துக்கு முன் நான் சொல்லிக்கொடுத்ததை ஊர் நன்றாகவே மனப்பாடம் செய்திருந்தது.

ஆகஸ்டிலிருந்து பிரியெல் எங்கள் சாலை வழியாகத்தான் அந்தத் தூரத்துக் கல்லூரிக்குப் போகிறாள். பனி தொடங்கியதிலிருந்து நான் நாலரைக்கு எழுந்துவிடுகிறேன். ஆர்டித் பிளாஸ்கில் காப்பி ஊற்றித் தருவாள். பிக்கப்பில் மணலும் உப்பும் ஏற்றிக்கொண்டு போய், பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மண்வெட்டியால் வீசுவேன். பிரியெல் வேகத்தைக் குறைத்து, விளக்கை ஒரு தரம் அணைத்துப் போட்டுவிட்டுக் கடந்து போவாள். டுவேன் இதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. ஒரு நாள் என் கொட்டகை வாசலில் இருபது மூட்டை உப்பு இறங்கியிருந்தது.

அவள் காரின் சிவப்பு விளக்குகள் மறைந்த பிறகும் நான் உடனே திரும்புவதில்லை. கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டுப் பக்கமிருந்து சரளைக்கல் நெரியும் சத்தம் வரும். வெளிச்சம் எதுவும் தெரியாது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, வழிவிட்டு ஓரமாக ஒதுங்கி நிற்பேன்.