மதகில் பலகை இல்லை

குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கரையில் நின்ற செடிக்காரி, பலகை இல்லாத மதகையே முறைத்தாள்.

அலுவலகத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மண் கொட்டி மூடிக் கிடந்த சதுப்பைக் குளமாகத் தோண்டி மறுபடி தண்ணீர் நிறுத்தியதிலிருந்து, அங்கே என்னென்ன செடி வருகிறது என்று பார்ப்பது அவள் வேலை. வந்தது சம்புப்புல் ஒன்றுதான். ஆளுயரத்துக்கு வளர்ந்து, வேறு எதையும் தலைகாட்ட விடாமல் நின்றது. தலைமைப் பொறியாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: அடுத்த தடவை வரும்போதும் இதே கதை என்றால் குளத்தை மூடிவிட்டு லாரி நிறுத்துமிடம் கட்டுவார். அந்த அடுத்த தடவை இன்றைக்குத்தான்.

பொக்லைன் ஓட்டும் அண்ணன் தலையைச் சொறிந்தான்.

"போன மாசம் நீ பயிற்சிக்குப் போயிருந்தப்ப சம்பை வெட்டினேன்ல? வண்டி சேத்துல புதையுதே, தண்ணி வடியட்டும்னு மதகுப் பலகையைக் கழட்டினேன். திரும்பப் போட மறந்துட்டேன். அம்மா வீட்டுக்குக் கிளம்புன்னு உங்கண்ணி ஒத்தக்கால்ல நின்னா..."

"அண்ணி மேல பழியைப் போடாதே! ஒரு விரல் அளவு தண்ணிகூட இறங்கக் கூடாதுன்னு இத்தனை வருஷமா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டுப் பாத்தேனேண்ணே! போ, பலகையைப் போடு!"

அவன் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். சேற்றில் இறங்கப் போனவள் அப்படியே நின்றாள். சேறு பச்சையாக இருந்தது. பாசியாக்கும் என்று குனிந்தாள். பாசி இல்லை. நாலு இலை விரித்த ஆரை! பக்கத்தில் இரண்டு மூன்று விதக் கோரை. நீர்முள்ளி. பெயர் தெரியாத ஒரு பொடி இலை, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று!

இதில் ஒன்றைக்கூட யாரும் நடவில்லை. எல்லாம் கொட்டிய மண்ணுக்கு அடியில் இத்தனை காலம் உறங்கிக் கிடந்தவை. தோண்டிக் கொடுத்த பிறகும், அவள்தான் தண்ணீரைத் ததும்பத் ததும்ப நிறுத்தி, வெயிலும் காற்றும் படவிடாமல் அமுக்கி வைத்திருக்கிறாள். சம்புக்கு மட்டும் ஒரே கொண்டாட்டம். "அட மக்கு!" என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினாள்.

"அண்ணே! பலகையைப் போடாதே!"

"இப்பத்தானே போடுன்னே?"

"அது அப்போ! இப்பப் போட்டா குஞ்சுச் செடியெல்லாம் முழுகிச் செத்துடும். கீழ வை!"

அதற்குள் ஜீப் வந்து நின்றது. பொறியாளர் இறங்கினார். "தண்ணி எங்கேம்மா?" என்று கேட்டபடியே குளத்துக்குள் காலை வைக்கப் போனார்.

"மிதிக்காதீங்க சார்!"

மேலதிகாரியை அதட்டிவிட்டோமே என்ற பயம்கூட அவளுக்கு வரவில்லை. தூக்கிய காலோடு தடுமாறியவர், ஓடிவந்த அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"சரி, காலை எங்கேதான் வைக்கிறது? காட்டு."

செடிக்காரி தேடினாள். இந்தப் பக்கம் கோரை, அந்தப் பக்கம் ஆரை. எட்டி எட்டிப் பார்த்தாள். ஒரு செருப்பு அகலத்துக்குக்கூட வெறும் சேறு இல்லை.

"இடமே இல்ல சார்!" சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

அவரும் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு காலை மெதுவாகக் கரைக்கே கொண்டுவந்து வைத்தார்.

"அப்போ லாரியை எங்கேம்மா நிறுத்துறது?"