சுடுதண்ணிக்குப் பன்னிரண்டு பேர்

1

இந்தக் கதை ஒரு அலுவலகச் சுவரில் பிறந்தது. 'இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று ஓய்வூதியத்துக்குக் கையெழுத்து வைக்கப் போனவன், அங்கே ஒட்டியிருந்த சுற்றறிக்கையை வாசித்து வாய்விட்டுச் சிரித்தேன். புதிதாகக் கட்டிய வீடுகளுக்கு, வெயிலில் தண்ணீர் சுடவைக்கும் கருவி இலவசம். செலவாகும் சூட்டை மீற்றர் அளக்கும். ஆறு மாதத்தில் ஐம்பது அலகு ஓடாவிட்டால் கருவியைக் கழற்றிக்கொண்டு போவார்கள்.

திருகோணமலையில். சுடுதண்ணி!

2

தொடக்கம், முதல் தடவை: 'சித்திரை வெயிலில் துறைமுகமே கொதித்து, மீன்கள் சோற்றுக்கு ஊற்றும் ஆணமாகவே கரையேறின...'

(வெட்டிவிட்டேன். உண்மையில் பாதி மீன்கள்தான் கரையேறின.)

இரண்டாம் தடவை: துறைமுகத்தை அடுத்த புதுக் குடியிருப்பில் நபீஸாவுக்கு வீடு கிடைத்தது. கருவியோடு வந்த தண்ணீர்த் தாங்கியால் குசினிக்குள்ளேயே பைப்பில் தண்ணீர் வந்தது. நாற்பது வருசம் குடம் சுமந்த இடுப்பு அவளுடையது. முதல் நாள் முழுக்கப் பைப்பைத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தாள். கருவி போனால் தாங்கியும் போகும்.

ஆறு மாதம் முடிய ஒரு கிழமை, ஏழே நாள்தான் இருந்தது. மீற்றரில் சைபர்.

3

"இஞ்சருங்க, சுடுதண்ணியில குளிங்க."

"சித்திரையிலயா? நான் என்ன இறாலா?" என்றார் புருஷன் முனீப்.

குளித்தார். கால் அலகு ஓடியது.

[இங்கே முனீபை அழவைக்க நினைத்தேன். வியர்வையில் கண்ணீர் தெரியாது என்பதால் விட்டுவிட்டேன்.]

மதிலுக்கு அங்கால், பழைய வீட்டிலிருந்த யோகமலர் எட்டிப் பார்த்தாள். "நபீஸாக்கா, எங்கட சட்டி பானையையும் கொண்டுவரட்டே?"

"சட்டி என்ன, ஆக்களையும் கூட்டிக்கொண்டு வாங்க!"

நூறு பேர் வந்தார்கள். (சரி, ஒன்பது.) பாய், போர்வை, நண்டு, ஒரு மோட்டார் சைக்கிள், எல்லாமே சுடுதண்ணி கண்டன. கிழமை முடிய மீற்றரில் அறுபது!

4

மீற்றர் வாசிக்க மதிசுதன் என்ற உத்தியோகத்தர் வந்தார். பார்த்ததும் புருவம் ஏறியது.

"அறுபதா? அம்மா, ஆளுக்கு அஞ்சு அலகுதான் வீட்டுப் பாவனை. அதுக்கு மேல போனா வியாபாரம் எண்டு கழட்டிப்போடுவம். வீட்டில எத்தனை பேர்?"

(அதாவது, இரண்டு பேர் உள்ள வீடு பத்தைத் தாண்டக் கூடாது, ஐம்பதைத் தொடவும் வேண்டும். இந்தக் கதையில் நான் பெருப்பிக்காத இடம் இது ஒன்றுதான்.)

நபீஸா குசினிப் பைப்பைப் பார்த்தாள். 

"நானும் இந்த வீடுதான்." நெற்றிப் பொட்டோடு உள்ளே வந்து நின்றாள் யோகமலர்.

"நீங்களோ?"

"ஓம். ஏன், ஏலாதோ?"

பின்னாலேயே அவள் மகள் கஜேந்தினி, முன்வீட்டு றுவைஸ், அவன் மனைவி றஹ்மா என்று, அவளோடு சேர்த்து ஒன்பது பேரும் வரிசையில் வந்துவிட்டார்கள். மதிசுதன் பேனையால் ஒவ்வொரு தலையாக எண்ணினார்.

"இவையோட பதினொண்டு. அறுபதுக்குப் பன்னிரண்டு பேர் வேணும். ஒராள் குறையுதம்மா."

5

முடிவு ஒன்று: கருவியைக் கழற்றுகிறார்கள். நபீஸா மறுபடியும் குடத்தை எடுத்து இடுப்பில்—

ஏலாது. இதை எழுத என்னால் ஏலாது.

முடிவு இரண்டு: மதிசுதன் தன்னையே பன்னிரண்டாவது ஆளாக எழுதிக்கொள்கிறார். அழகுதான், ஆனால் நீங்களும் அலுவலகங்களுக்குப் போய் வந்தவர்கள், நம்பமாட்டீர்கள்.

மூன்று: நானே போய் நிற்கலாம். பிறகு கதையை யார் எழுதுவது?

இவ்வளவு நேரமும் வாசலில் நின்று வேடிக்கையாய் விடுப்புப் பார்த்துக்கொண்டிருந்த உங்களை மதிசுதன் இப்போதுதான் காண்கிறார்.

"நீங்களும் இந்த வீடோ?"

நபீஸா உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.