மங்காத ஐசி

வெள்ளையம்மா கதவைப் பாதிதான் திறந்தார். கழுத்தில் அலுவலக அட்டையோடு கம்பிக் கேட்டுக்கு வெளியே நின்ற பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரெண்டு தடவ போன் பண்ணது நீதானா? ஏமாத்துற ஸ்கேமர்னு போன வெச்சிட்டேன்லா."

"நான்தான் ஆன்ட்டி, பிரேமலா. அதான் நேர்லயே வந்துட்டேன்."

மலேசியாவின் குளுவாங்கில் ஒரு தொண்டு அமைப்பில் பிரேமலாவுக்கு வேலை. தகுதி இருந்தும் அரசின் உணவு உதவியை வாங்காமல் விடுகிறவர்களைக் கணினித் தரவில் தேடிப் பிடிக்க வேண்டும். உதவி தானாகவே ஐசி என்னும் அடையாள அட்டையில் ஏறிவிடும். கடையில் ஐசியைச் செருகினால் அரிசி, எண்ணெய், மாவு, மைலோ என்ற சத்துப்பானம் எல்லாம் வாங்கலாம். வாங்காதவர்களுக்கு விஷயமே தெரியாது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். சிம்பாங் ரெங்கத்தின் இந்த ஒரு தாமான் குடியிருப்பில் மட்டும் அது பொருந்தவில்லை. ஒரே வரிசை வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஒருமுறை கடைக்குப் போயிருக்கிறார்கள். இயந்திரம் மறுத்திருக்கிறது. மறுபடி ஒருவரும் போகவில்லை. வெள்ளிக்கிழமையோடு அத்தனை பேருடைய உதவியும் காலாவதியாகிவிடும்.

"தெரியாம என்ன? போனேனே!" வெள்ளையம்மாவின் குரல் ஏறியது. "சாமானெல்லாம் எடுத்து வெச்ச பெறகு, 'தா போலே மக்சிக்', முடியாதுன்னு கவுண்டர் பொண்ணு கார்டத் திருப்பி நீட்டுது. பின்னால அவ்ளோ கூட்டம். ஒண்ணொண்ணா எடுத்து உள்ள வெக்குது, மைலோ டின்னக்கூட. நான் என்ன திருடவா போனேன்? இனிமே அந்தப் பக்கமே போகமாட்டேன்."

அவர் நீட்டிய ஐசி புதிதுபோல் மினுங்கியது. பிரேமலாவின் நகம் ஓரத்தில் தட்டியது. கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக். சிப்புக்கு மேலும் ஒரு குமிழிகூட இல்லாமல் ஒட்டியிருந்தது.

"இத யாரு ஒட்டினது?"

"பக்கத்து வீட்டு அமலதாஸ்தான். அவங்க சர்ச்சுல பாட்டுப் புஸ்தகத்துக்கெல்லாம் அவருதான் பிளாஸ்டிக் போடுவாரு. வேர்வையில எழுத்து மங்கிடும்னு எங்க லயத்துல எல்லாருக்கும் சும்மாவே போட்டுக் குடுத்தாரு."

எஸ்டேட்டின் வரிசைக் குடியிருப்பை விட்டு வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் இந்த வரிசை அவர்களுக்கு லயம்தான். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அமலதாஸ் குட்டைச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, என் பேரு அடிபடுது?"

சிப்பு மூடியிருந்தால் இயந்திரத்தால் படிக்க முடியாது என்று பிரேமலா தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் குழாயை மூடிவிட்டு, சட்டைப் பையிலிருந்து தன் ஐசியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதுவும் மினுங்கியது.

"எனக்கும் தா போலேதான்" என்றார் மெதுவாக. "என்னை மட்டும்தான் ஒதுக்கிட்டாங்கன்னு நெனச்சேன். வெக்கமா இருந்துச்சு, யாருகிட்டயும் சொல்லல."

வெள்ளையம்மா பிரேமலாவின் கையிலிருந்த தன் ஐசியையும் அவருடையதையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். "நல்லா ஒட்டினே போ தம்பி! அரசாங்கத்துக்கே நம்மள அடையாளம் தெரியாமப் போச்சு."

"அலமாக், ஐயோ!" அமலதாஸ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பிற்பகல் முழுக்க வீடு வீடாகப் போய் அவரே உரித்தார். ஒட்டியதைவிட நிதானமாக, பிசின் போகத் துடைத்துக் கொடுத்தார். எந்த வீட்டுக்குப் போனாலும், "ஒங்களுக்குமா?" என்ற கேள்விதான் முதலில் வந்தது.

சாயங்காலம் கடையில் லயமே வரிசையாக நின்றது. "கூட வரேன், ஆனா மொதல்ல ஒன் கார்டுதான்" என்று வெள்ளையம்மா அமலதாஸிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். அமலதாஸ் ஐசியைச் செருகினார். சிறு திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வெள்ளையம்மா அரிசியையும் எண்ணெயையும் மேடையில் எடுத்து வைத்துவிட்டார். மைலோ டின்னை மட்டும் இன்னும் மார்போடு பிடித்திருந்தார்.