சுருங்கிப் போன ஆந்தை

அன்றைக்கு யார் தோற்க வேண்டும் என்பதை முதலாளி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் சொல்வார். பல்லிடுக்கில் ஒரு குச்சியைச் செருகிக்கொண்டு, உடைமாற்றும் அறையின் வாசலில் நின்று, "நீ இவன்கிட்ட, இவன் அவன்கிட்ட" என்று விரலை நீட்டுவார். இடிதாங்கியை நோக்கி மட்டும் அந்த விரல் நீண்டதே இல்லை. அவன் தோற்பான் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இடிதாங்கி என்பது போஸ்டரில் போடுகிற பெயர். தங்கைக்கு அவன் அண்ணன். தொழில்முறை மல்யுத்தத்தில் விழுவதும் ஒரு வேலைதான். அந்த வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. சும்மா தொட்டால்கூட மின்சாரம் தாக்கியவன் மாதிரி பறந்துபோய் விழுவான். அடித்தவன் தன் கையையே ஆச்சரியமாகப் பார்த்துக்கொள்வான். சேர்ந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அவன் ஜெயித்ததில்லை. அதைப் பற்றிக் கேட்டால், மழை ஏன் கீழ்நோக்கிப் பெய்கிறது என்று கேட்டதுபோலச் சிரிப்பான்.

ரிங்கைப் பூட்டுவதும் கழற்றுவதும் தங்கையின் வேலை. இரும்புச் சட்டத்தை நிறுத்தி, பலகைகளை அடுக்கி, மேலே பஞ்சு விரிப்பைப் போட்டு, அதற்கும் மேலே துணியை இழுத்துக் கட்டி, கடைசியில் நான்கு பக்கமும் கயிறுகளை முறுக்குவாள். நடுப் பலகைக்கு மட்டும் அடியில் முட்டுக் கொடுக்க மாட்டாள். அதில் விழுந்தால்தான் கடைசி வரிசை வரைக்கும் சத்தம் போகும். பூட்டி முடித்ததும் காலி அரங்கத்தில் அவளும் அண்ணனும் பயிற்சி செய்வார்கள். யாருமில்லாத நாற்காலிகளுக்கு முன்னால் விழுந்து எழும்போது, ஒரு நாள் இவற்றில் ஆட்கள் இருப்பார்கள் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்பிலேயே அடுத்த தடவை இன்னும் உயரமாகக் குதிப்பாள்.

தன்னையும் ஒரு சண்டையில் இறக்கும்படி முதலாளியிடம் அவள் கேட்காத மாதமில்லை. பெண்ணோடு மோத இன்னொரு பெண் வேண்டுமே என்பார் அவர். ஆணோடு மோதுகிறேன் என்றால் ஜனங்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பார். ரொம்பவும் நச்சரித்தால் "பாக்கலாம்" என்பார். அந்த "பாக்கலாம்" அவளுக்கு மனப்பாடம்.

ஒரே ராத்திரியில் முடிகிற கோப்பைப் போட்டி என்று தெருவெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தது. நான்கு பேர், இரண்டு அரையிறுதி, ஒரு இறுதி. கோபுரம், கசாப்பு, இடிதாங்கி, எல்லோரையும்விடப் பெரிய படத்தில் ஆந்தை. ஆந்தை, முகமூடி போட்டவன். தலையிலிருந்து கால்வரை சாம்பல் நிற உடை, வட்டமான பெரிய கண்கள், முதுகில் துணியால் தைத்த இறகுகள். அவன் உள்ளே வந்தாலே அரங்கம் முழுக்க ஆந்தை மாதிரி அலறும்.

அன்றைக்கு மதியம் அந்த ஆந்தை போன் செய்தான். மனைவிக்கு வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்றான். கோபப்பட முடியாத காரணம். முதலாளி வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனை வைத்து, பல்குச்சியை இரண்டாக ஒடித்தார்.

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. முகமூடிக்குள் யார் இருந்தால் என்ன? முதல் அரையிறுதியில் இடிதாங்கியே ஆந்தை உடையில் போய்க் கசாப்பை ஜெயிக்கட்டும். நடுவில் ஒரு கோமாளிச் சண்டை. அதற்குள் உடையை மாற்றிக்கொண்டு, சொந்த முகத்தோடு வந்து கோபுரத்திடம் வழக்கம்போலத் தோற்கட்டும். திரும்ப ஆந்தையாகி இறுதியிலும் அதே கோபுரத்திடம் தோற்கட்டும். கோப்பை கோபுரத்துக்கு.

"ஒரே ராத்திரியில ஒரே ஆள்கிட்ட ரெண்டு தடவை தோக்கணும். அவ்வளவுதானே?" என்றான் அண்ணன்.

முதல் பாதி கச்சிதமாக நடந்தது. அண்ணன் ஆந்தையாகி, கசாப்பின் வயிற்றின் மேல் உட்கார்ந்து ஜெயித்தான். உடைமாற்ற வந்தவனிடம், ஜெயித்தது எப்படி இருந்தது என்று தங்கை ஆசையாகக் கேட்டாள். அடுத்தவன் வாயால் சாப்பிட்ட மாதிரி இருந்தது என்றான் அவன்.

இரண்டாவது அரையிறுதியில்தான் வினை. கோபுரம் பெயருக்கேற்ற உயரம். கூட்டத்துக்குக் கையசைப்பதற்காக மூலைக் கம்பத்தின் உச்சியில் ஏறினான். எல்லாச் சண்டையிலும் ஏறுகிறவன்தான். இந்தத் தடவை வியர்வையில் கால் வழுக்கி ரிங்குக்கு வெளியே சரிந்தான். கணுக்கால் மடங்கியது. ரிங்குக்கு வெளியே விழுந்தவன் பத்து எண்ணுவதற்குள் உள்ளே வந்துவிட வேண்டும், வராவிட்டால் தோல்வி. நடுவர் ஒவ்வொரு எண்ணையும் மிட்டாய் மாதிரி இழுத்து இழுத்துத்தான் சொன்னார். ஆனால் கூட்டத்துக்குக் குஷி வந்துவிட்டது. எல்லாச் சண்டையிலும் உதைபடுகிறவன் ரிங்கில் நிற்கிறான், பெரிய ஆள் கீழே கிடக்கிறான். அரங்கமே சேர்ந்து எண்ண ஆரம்பித்ததும் நடுவர் அவர்கள் பின்னால் ஓட வேண்டியதாயிற்று.

இடிதாங்கிக்குக் கை கால் ஓடவில்லை. கயிற்றுக்கு அடியில் கையை நீட்டி, "எழுந்து வாண்ணே, நான் தோக்கணும்" என்று கெஞ்சினான். கூட்டம் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகக் கை தட்டியது. பத்து.

உடைமாற்றும் அறையில், ஐஸ் வாளிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தான் கோபுரம். முதலாளி யாருடைய முகத்தையும் பார்க்காமல், இப்போது இறுதிப் போட்டி யாருக்கும் யாருக்கும் என்று கேட்டார்.

"இவனுக்கும் இவனுக்கும்" என்று நடுவர் அண்ணனையே இரண்டு தடவை காட்டினார்.

யாரும் சிரிக்கவில்லை. இறுதி இல்லை என்று அறிவித்தால் நாற்காலி பறக்கும். கசாப்பு முகமூடியை மாட்டிப் பார்த்தான். அது நெற்றியைத் தாண்டவில்லை. தாண்டினாலும் அந்த வயிற்றை ஊரே அறியும். கோமாளிகள் தங்கள் சண்டை முடிந்ததுமே கிளம்பிவிட்டார்கள். நடுவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. முதலாளி நெஞ்சுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்.

தங்கை வாசலில் கயிறு முறுக்கும் சாவியோடு நின்றுகொண்டிருந்தாள். அதைக் கீழே வைத்தாள்.

"நான் போட்டுக்கறேன்."

முதலாளி பதில் சொல்வதற்கு முன்பு அண்ணன் பேசினான். தான் விழுகிற ஒவ்வொரு விழுகையும் அவளுக்குத் தெரியும், தன்னைத் தூக்கிப் போடவும் தெரியும், கண்ணைக் கட்டிவிட்டால்கூடச் செய்வாள் என்றான். வெளியே கூட்டம் தரையில் கால் தட்டத் தொடங்கியிருந்தது. முதலாளி அவளை முதல் தடவையாகத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"பேசக்கூடாது. முகமூடி கழலக்கூடாது. அஞ்சு நிமிஷத்துல உங்கண்ணன்கிட்ட தோத்துடணும். ஏதாவது சொதப்புச்சு, அப்புறம் சண்டை கிண்டைன்னு என்கிட்ட வந்து நிக்கக்கூடாது. ஆயுசுக்கும்."

சரி என்றாள்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணியைக் கூட்டி வந்தார்கள். அண்ணி எல்லாச் சண்டைக்கும் வருவாள். மணி அடித்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். புருஷன் அடி வாங்கி முடித்ததும் திறப்பாள். ஆந்தை உடை அண்ணனின் வியர்வையில் ஊறிக் கனத்தது. கால் பகுதி அவளுக்கு ஒரு சாண் நீளம் அதிகம், கை அதைவிட. அண்ணி மடித்து மடித்து உள்பக்கமாக டேப் ஒட்டினாள்.

"ரெண்டு பேரும் நம்ம வீட்டு ஆளு. நான் இப்போ யாருக்காகக் கண்ணை மூடறது?" என்றாள்.

"மூடாதீங்க அண்ணி. இன்னைக்கு மட்டும்."

அண்ணி பல்லால் டேப்பைக் கிழித்தாள். மூடாமல் இருக்கப் பார்க்கிறேன் என்று சொன்னாளே தவிர, வாக்குக் கொடுக்கவில்லை.

முகமூடிக்குள் உலகம் இரண்டு வட்டமாக இருந்தது. திரை விலகியதும் அந்த வட்டங்களுக்குள் வெளிச்சம் கொட்டியது. அவள் கையால் பூட்டிய ரிங், அவள் முறுக்கிய கயிறு. ஆனால் நாற்காலிகளில் ஆட்கள் இருந்தார்கள். அலறல் எழுந்தது. பாதி வழியில் அது தயங்கியது. ரிங்குக்கு ஏறும் படியில் வலது காலின் டேப் விட்டுப்போய், நீண்டு தொங்கிய துணியை அவளே மிதித்துக் குப்புற விழுந்தாள்.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல், நிதானமாக, சந்தேகம் கேட்கிற மாதிரி வந்தது.

"என்னப்பா, நடுவுல ஆந்தையைத் தோச்சுப் போட்டாங்களா? சுருங்கிப் போச்சே."

அரங்கம் வெடித்துச் சிரித்தது. சிரிப்பு நாற்காலிக்கு நாற்காலி தாவி முன்வரிசைக்கு வந்தது. திரையோரம் முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டதை வலது பக்க வட்டத்தில் அவள் பார்த்தாள். முடிந்தது என்று நினைத்தாள். மணி இன்னும் அடிக்கவே இல்லை.

மணி அடித்தது. அண்ணன் வந்து அவள் கழுத்தைக் கையால் வளைத்துப் பிடித்தான். இந்தப் பிடியின் உபயோகமே பேசிக்கொள்வதுதான். தலைகள் பக்கத்தில் வந்துவிடும், கூட்டத்துக்கு வாய் தெரியாது.

"பாப்பா, சிரிக்கிறாங்க."

"தெரியுது."

"கொட்டாவி விட்டாத்தான் பயப்படணும். சிரிச்சா நம்ம பக்கம் பாக்கிறாங்கன்னு அர்த்தம். என்னைத் தள்ளு."

தள்ளினாள். அவன் மூன்றடி பின்னால் போய் விழுந்தான். அவன் எழுவதற்குள் அவள் குனிந்து, தொங்குகிற காலுடையைப் பார்த்தாள். அப்புறம் கைகளைப் பார்த்தாள். விரல் நுனியைத் தாண்டித் துணி ஆடியது. ஆந்தை செய்வதுபோல மெல்ல, ரொம்ப மெல்லத் தலையைத் திருப்பி, பின்வரிசையில் அந்தக் குரல் வந்த திசையை நேராகப் பார்த்தாள். சிரிப்பு சட்டென்று நின்றது. அவள் அண்ணனிடம் போய், தன் உச்சந்தலையில் கை வைத்து அவன் மார்பில் அளந்தாள். திருப்தியில்லாமல் தலையாட்டினாள். மூலைக்குப் போய் இரண்டாவது கயிற்றின் மேல் ஏறி நின்றாள். இப்போது பழைய ஆந்தையின் உயரம். கூட்டத்தைப் பார்த்து, இது போதுமா என்பதுபோலக் கையை விரித்தாள்.

இந்தத் தடவை எழுந்த சிரிப்பு வேறு. அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்கு முன்பு அவள் அந்தக் கயிற்றிலிருந்தே குதித்தாள்.

காலி நாற்காலிகளுக்கு முன்னால் செய்ததையெல்லாம் செய்தாள். அண்ணனின் கால்களுக்கிடையே சறுக்கிப் பின்பக்கம் எழுந்தாள். கயிற்றில் மோதித் திரும்பி வந்தவனை இடுப்பில் வாங்கி, தோளுக்கு மேலே சுற்றிவிட்டாள். அவன் காற்றில் ஒரு முழு வட்டம் போட்டு நடுப் பலகையில் விழுந்தான். அந்தச் சத்தத்துக்கு ஒரு குழந்தை விழித்து அழுதது. அவ்வளவு பெரிய ஆளைச் சின்ன ஆந்தை தூக்கிப் போட்டதைக் கண்டு ஆட்கள் எழுந்து நின்றார்கள். "குட்டி ஆந்தை" என்று யாரோ ஆரம்பித்தார்கள். அது பரவியது. உள்ளே இருப்பது வேறு ஆள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவருக்கும் அதில் வருத்தமில்லை.

ஐந்து நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது. நடுவர் மூச்சு வாங்கிக்கொண்டே பக்கத்தில் வந்து, முதலாளி முடிக்கச் சொல்கிறார் என்று முணுமுணுத்தார். அண்ணன் மறுபடியும் அவள் கழுத்தை வளைத்தான். அவன் வியர்வை முகமூடியில் சொட்டியது.

"கேட்டியா சத்தத்தை? உன் பேரைத்தான் கத்தறாங்க. நீயே ஜெயிச்சுக்கோ பாப்பா. முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். எனக்குத் தோக்கறது பழக்கம்தானே."

அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. மூன்று எண்ணும்வரை இரண்டு தோளும் தரையில் கிடந்தால்தான் தோல்வி, ஒரு தோளை உயர்த்தினால் போதும். ஆனால் அவன் "பழக்கம்" என்று சொன்ன குரலில் எந்த வருத்தமும் இல்லாததுதான் அவளுக்கு என்னவோ செய்தது.

"பழக்கத்தை மாத்து. நான் குதிக்கப் போறேன், நகர்ந்துடு."

மூலைக் கம்பத்தின் உச்சிக்கு ஏறினாள். கோபுரம் வழுக்கிய அதே உச்சி. பாதங்களைத் தொங்கிய காலுடையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். இறகுகளை விரித்தாள். அரங்கம் மொத்தமும் ஒரே ஆந்தையாக அலறியது. குதித்தாள். கடைசி நொடியில் அண்ணன் உருண்டு விலக, நடுப் பலகையில் மார் அடிக்க விழுந்தாள். அவன் அவளைப் புரட்டி மேலே படுத்தான். நடுவர் துணியில் கையால் அறைந்தார்.

ஒன்று. எழுந்திரு என்று கத்தினார்கள். இரண்டு. அத்தனை பேரும் சேர்ந்து அவளுடைய ஒரு தோளைத் தூக்கப் பார்த்தார்கள். அன்றைக்கு அவள் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான். அந்தத் தோளைத் தரையில் வைத்திருந்தாள்.

மூன்று.

மணி அடித்ததும் இடிதாங்கி, தோற்றவன் செய்கிற மாதிரி, உருண்டு ரிங்கைவிட்டு வெளியே போகப் பார்த்தான். நடுவர் காலைப் பிடித்து உள்ளே இழுத்தார். கோப்பையைக் கையில் கொடுத்ததும், யாரிடம் சேர்க்க வேண்டும் என்பதுபோல அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். கூட்டம் ஒரு கணம் திகைத்தது. பிறகு, இவனும் ஒரு நாள் ஜெயித்துத் தொலைக்கட்டுமே என்று தோன்றியதோ என்னவோ, கைதட்டல் தொடங்கி ஏறிக்கொண்டே போனது. முன்வரிசையில் அண்ணி கண்ணைத் திறந்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

தங்கை மல்லாந்து கிடந்தாள். தோற்றவர்கள் உடனே எழக்கூடாது. நடுவர் அடிபட்டதா என்று பார்ப்பவர்போலப் பக்கத்தில் மண்டியிட்டுக் குனிந்தார்.

"முதலாளி திரையோரமா நிக்கறாரு. அடுத்த மாசம் நீ யார்கூட மோதறேன்னு கேட்டுச் சொல்லச் சொன்னாரு."

அவள் கூரை விளக்குகளைப் பார்த்தாள்.

"யார்கூடன்னாலும் சரி மாமா. ஆனா என் முகத்தோட."

"சொல்றேன். இப்போ கொஞ்சம் செத்த மாதிரி கிட. உங்கண்ணன் இன்னும் கோப்பையைத் தூக்கவே இல்லை."

அசையாமல் கிடந்தாள். வயிற்றுக்குள் எழும்பி வந்த சிரிப்பை மட்டும் மூச்சைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. அண்ணன் கோப்பையை ஒரு கையால் தூக்கி, சரியில்லை என்று இறக்கி, இரண்டு கையால் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.