ஊசி முனை

"சார், ஊசி ஒடஞ்சிருச்சுங்க." கிருத்திகா உள்ளங்கையை நீட்டினாள். பாதி ஊசிதான் இருந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை.

எங்கள் பனியன் கம்பெனியில் ஊசிகளுக்கு நான்தான் பொறுப்பு. உடைந்த ஊசியின் அத்தனை துண்டும் வந்து, நோட்டில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி தருவேன். தைப்பது குழந்தைகள் சட்டை. ஒரு முனை உள்ளே தங்கினால் ஏதோ ஒரு பிஞ்சு முதுகில் குத்தும். யாரையும் நம்பாதவனுக்குச் சம்பளம் கொடுக்கும் வேலை வேறு எங்கே கிடைக்கும்? ஆறு வருடத்துக்கு முன் நின்றுபோன என் கல்யாணத்தின் மிச்சப் பத்திரிகைகளைக் கிழித்து, அவற்றின் பின்பக்கத்தில்தான் இன்றும் ஊசி டோக்கன் எழுதுகிறேன். இப்படிப்பட்ட நான், வரும் ஞாயிற்றுக்கிழமை தாராபுரம் போய் கிருத்திகாவின் அப்பாவிடம் பெண் கேட்பதாக ஏற்பாடு.

"முனை எங்கே?"

"கீழ விழுந்துச்சுங்க. சத்தம் கேட்டுச்சு."

"சத்தத்தையெல்லாம் நோட்டுல ஒட்ட முடியாது."

லைனை நிறுத்தினேன். அவள் தைத்த சட்டைகளை மெட்டல் டிடெக்டரில் இரண்டு முறை ஓட்டினேன். ஒன்றும் கத்தவில்லை. காந்தக் கட்டையோடு தரையெல்லாம் நடந்தேன். இரண்டு ஹேர்பின், ஒரு பாபின். அவ்வளவுதான்.

"நாஞ் சொன்னா நம்பவே மாட்டீங்களா?" என்றாள். நின்றுபோன முப்பது மெஷின்களும் காது கொடுத்தன. "என்ற பழைய கம்பெனிக்குப் போன் போட்டு, நான் எப்படிப்பட்ட பொண்ணுன்னு விசாரிச்சீங்களாமா? காலைல அங்க வேலை செய்யற அக்கா ஒருத்தங்க போன்ல சொல்லிச் சிரிக்கறாங்க. ஞாயித்துக்கிழமை எங்க ஊட்டுக்கு வர வேண்டாமுங்க. நீங்க ஒரு லூசுங்க!"

எங்கள் பக்கம் திட்டுக்கும் மரியாதை உண்டு. அதுதான் கூடுதலாக வலிக்கும்.

"விசாரிச்சா என்ன தப்பு?" என்று கத்தி, காலைத் தரையில் ஓங்கி உதைத்தேன். "ஐயோ!"

"கெடைச்சிருச்சாட்டங்க" என்றாள்.

ரப்பர் செருப்பைத் துளைத்து முனை என் குதிகாலில் ஏறியிருந்தது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டு, காலடியிலேயே அதைச் சுமந்து திரிந்திருக்கிறேன்.

"நானே எடுத்துக்கறேன்."

"கிழிச்சீங்க. காலைக் குடுங்க." ஸ்டூலில் உட்கார்ந்து, நூல் கோக்கும் இடுக்கியை எடுத்தாள்.

"இடுக்கி சுத்தமா..." அவள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கினேன்.

"ஆடாதீங்க. கோவம் இன்னும் போகலை எனக்கு."

"தப்புத்தான் கிருத்திகா. ஞாயித்துக்கிழமை..."

"மொதல்ல கண்ணை மூடுங்க."

முப்பது பேர் பார்க்க, ஒற்றைக் காலில், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். சுருக்கென்று வலித்தது. பிறகு, அவள் டிபன் பாக்ஸ் மூடியில் டிங்கென்று ஒரு சின்னச் சத்தம். முழு முனையும் வந்துவிட்டதா என்று நான் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை. அவளும் என் கையைத் தோளிலிருந்து தள்ளிவிடவில்லை.