தெறிப்பான் செடிக்குக் கட்டிய பை

திரைச்சீலைக் கடையில் மடிப்புத் தைக்கிற சின்னுவுக்கு எதையும் இரட்டைத் தையலாகப் போட்டால்தான் மனசு ஆறும். ஒற்றைத் தையல் போதும் என்று முதலாளியம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று, கையிலிருந்த சீலைக்கு விளிம்பு முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்திருந்தாள். போய்ச் சேர்ந்தபோது அவன் இல்லை. அதிலிருந்து எதற்கும் முந்திக்கொள்வாள். அழுகை மட்டும் வந்தபாடில்லை. அண்ணிக்கும் வரவில்லை. இரண்டு பேரும் அந்தச் சின்ன வீட்டில், சமையலறையில் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டு, நாட்களை ஒப்பேற்றினார்கள்.

ஊரைத் தாண்டி மரங்களுக்கு நடுவே ஒரு நடைபாதை. அதன் வளைவில், ஈரம் காயாத ஓரத்தில், மஞ்சள் பூச்செடிக் கூட்டம் ஒன்று. காய் முற்றினால் தொட்ட மாத்திரத்தில் வெடித்து விதையை வீசும். அண்ணன் அதற்குத் தெறிப்பான் என்று பெயர் வைத்திருந்தான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அது வேறெங்கும் இல்லை. பாதையை அகலப்படுத்தி ஜல்லி கொட்டப் போவதாகப் பலகை நட்டதும், விதையையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று சின்னு தீர்மானித்தாள். அவள் போய்வரும் மாலை வகுப்பில் செடிகளைப் பற்றிச் சொல்லித்தரும் டீச்சர், வெடிக்கிற காய்க்கு முன்கூட்டியே துணிப்பை கட்டிவிட வேண்டும் என்றார். எவ்வளவு முன்கூட்டி என்று கேட்க அவளுக்குக் கூச்சம். கடையில் மிஞ்சிய மெல்லிய துணியில் பைகள் தைத்து, மொட்டு விடும்போதே ஒன்றுவிடாமல் கட்டிவிட்டு வந்தாள்.

கோடை முடியப் போகிறது. விடிந்தால் பாதை வேலை என்ற நாளில் அண்ணியைக் கூப்பிட்டாள்.

"நான் எதுக்கு?"

"பையைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும் அண்ணி."

"பிடிச்சுக்கத்தானே. வர்றேன்."

வழியோரம் ஊதாப் பூக்கள் பாதி பஞ்சாகியிருந்தன. குடை போல விரிந்த வெள்ளைப் பூங்கொத்துகளில் ஓரமெல்லாம் தட்டையான பச்சை விதை. நடுவில் இன்னும் பூ. சின்னு சுட்டிக் காட்டினாள். அண்ணி மருந்துச் சீட்டைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அவள் உடையின் ஓரத்தில் ஒட்டுக்காய்கள் ஏறியிருந்தன.

"சும்மா வர்றவளையும் விடமாட்டேங்குது" என்று உதறினாள்.

வளைவில் குந்தி, சின்னு முதல் பையை அவிழ்த்தாள். வாடிய பூ மட்டும் உதிர்ந்தது. அடுத்ததிலும் அதேதான். அதற்கடுத்ததில் காம்பே கையோடு வந்தது. எதிலும் காய் இல்லை.

"எப்ப கட்டினே?" என்றாள் அண்ணி.

"மொட்டுலயே."

"பூத்தப்போ அவிழ்த்து விட்டியா?"

"இல்லையே."

"அப்புறம் தேனீ எப்படிடி உள்ள போகும்? நீ தச்ச தையல்ல கொசுவே போகாது." அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்கண்ணன் சட்டைக்குப் பொத்தான் வச்சியே, பொத்தான் துளையையும் சேர்த்துல்ல தச்சே. மனுஷன் தலை வழியா மாட்டிக்கிட்டு ஆபீஸ் போனார்."

சிரிப்பு வந்த வேகத்தில் நின்றது. சின்னு மடியில் பைகளைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இப்போதாவது அழுகை வரும் என்று பார்த்தாள். வாய்க்குள், முடிச்சை அவிழ்க்கப் பல்லால் கடித்த நூலின் ருசிதான் இருந்தது.

"பிந்தினாலும் தப்பு, முந்தினாலும் தப்பு அண்ணி."

"அன்னிக்கு நீ முந்தி வந்திருந்தாலும் அவர் உன்னைப் பார்த்திருக்க மாட்டார். காலையிலயே நினைவு போயிடுச்சு. நான் பக்கத்துலயேதானே இருந்தேன். என்ன கிழிச்சேன்?"

அண்ணி எழுந்து சரிவில் இறங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, "இங்க ஒரு பை சேத்துல கிடக்கு" என்றாள்.

நூல் தீர்ந்துபோய் ஒற்றை முடிச்சோடு விட்ட பை அது. அது அவிழ்ந்து விழுந்த கிளையில் காய்கள் புடைத்துத் தொங்கின. என்ன ஏதென்று அண்ணி ஒன்றைத் தொட, அது சடக்கென்று சுருண்டு தெறித்தது. விதைகள் புல்லுக்குள் போயின. ஒன்று அவள் மணிக்கட்டில் ஒட்டியிருந்தது, பழுப்பாக.

"வெள்ளையா இருந்தா பிஞ்சு. இது முத்தினது" என்று சின்னு இறங்கி வந்தாள். "தொடாதீங்க. முதல்ல பையைப் போடணும்."

அண்ணி பையின் வாயை விரித்துப் பிடித்தாள். சின்னு கிளையை மெல்ல உள்ளே விட்டு, துணிக்கு மேலாகவே காய்களை நசுக்கினாள். ஒவ்வொன்றும் விரலுக்கடியில் துள்ளி அடங்கியது. அண்ணியும் ஒன்றை நசுக்கிப் பார்த்தாள். பிறகு மீதியை அவளே நசுக்கினாள்.

"எங்க போடப் போறே?"

"குழாயடியில எப்பவும் ஈரமாத்தானே இருக்கு."

"சரி, கட்டு. இதுக்கு ரெண்டு முடிச்சாவே போடு."

சின்னு போட்டாள். திரும்பும்போது பை அண்ணி கையில் இருந்தது. வீட்டு வாசலில் அண்ணி சாவியைத் தேட வேண்டியிருந்தது. பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாளே தவிர, சின்னுவிடம் கொடுக்கவில்லை.